பட்டாசுப் பையோடு பஸ், ரயில் ஏறினால் உங்களைப் பிடித்து வைக்க யாருக்கு அதிகாரம்? வாட்ச்மேன் முதல் டிடிஇ வரை... சட்டம் சொல்வது என்ன?

தீபாவளி நெருங்கிவிட்டால் சிவகாசிக்கு வரும் பஸ்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. மதுரையிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, இன்னும் தொலைவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வரும்போது கையில் மடித்த காலிப் பை. திரும்பும்போது அந்தப் பைக்குள் நாலு ஐந்து கிலோவுக்குப் பட்டாசு, மேலே மூடுவதற்கு ஒரு துண்டு.

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. ஊரிலேயே வாங்குவதைவிட சிவகாசிக்கே போய் வாங்கினால் மலிவு என்ற கணக்கும் மக்களிடம் உண்டு. அதனால் இந்தப் பை பயணம் நிற்கவே இல்லை.

இந்த ஒரு பை, கடையிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பல பேரைத் தாண்ட வேண்டும். கடை வாசல் செக்யூரிட்டி, பஸ் கண்டக்டர், ரயில் நிலைய வாசலில் ஆர்பிஎஃப், பெட்டிக்குள் டிடிஇ. எல்லாரும் சீருடையில்தான் இருக்கிறார்கள், எல்லாரும் "பையைத் திற" என்கிறார்கள். ஆனால் சட்டம் இவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் அதிகாரம் வேறு வேறு. யாரிடம் எதற்குக் கட்டுப்பட வேண்டும், எங்கே "முடியாது" என்று சொல்லலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செக்யூரிட்டி என்பவர் யார்?

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'காவலர்' என்றால் போலீஸ், 'காவலாளி' என்றால் வாட்ச்மேன். சொல்லின் கடைசியில்தான் வித்தியாசம், சட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏஜென்சி நடத்த உரிமம் வேண்டும், காவலாளிக்குப் பயிற்சி வேண்டும், அடையாள அட்டை வேண்டும் என்கிறது அது. போலீஸ், ராணுவம் போலத் தோற்றமளிக்கும் சீருடையை மாட்டினால் போட்டவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். காக்கிச் சட்டை போட்டு, தோளில் நட்சத்திரம் குத்தி, கையில் லத்தியோடு நிற்கும் செக்யூரிட்டிகளை நாம் எத்தனை கடை வாசலில் பார்த்திருக்கிறோம்!

முக்கியமான விஷயம், அந்தச் சட்டத்தில் காவலாளிக்கு கைது செய்யவோ, சோதனை போடவோ தனி அதிகாரம் எதுவும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் என்ன அதிகாரமோ அதுதான் அவருக்கும்.

நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சிஆர்பிசியில் இது 43-வது பிரிவு. தன் கண் முன்னால் ஒருவர் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தால், பொதுமக்களில் யாரும் அவரைப் பிடிக்கலாம். பிடித்தவர் தாமதம் இல்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரக் கெடு புதிய சட்டத்தில் வந்தது, பழையதில் கிடையாது.

கவனியுங்கள்: குற்றம் கண் முன்னால் நடக்க வேண்டும். "சந்தேகமா இருந்துச்சு, அதான் ரூம்ல உட்கார வெச்சோம்" என்பது இதில் சேராது. அப்படி அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவுப்படி அடைத்தவர்தான் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய சட்டத்தில் ரூ.5,000-க்குக் குறைவான திருட்டு, முதல் முறை செய்தவர், பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்றால் தண்டனை சமூக சேவைதான். அந்த வகைக் குற்றத்தை ஜாமீனில் விடக்கூடியது, போலீஸ்கூட நேரடியாகக் கைது செய்ய முடியாதது என்று அட்டவணை வகைப்படுத்துகிறது. அப்படியென்றால் 300 ரூபாய் புஸ்வாணப் பெட்டியைச் சட்டைக்குள் ஒளித்தவரைக் கடை செக்யூரிட்டி 'கைது' செய்ய முடியுமா? சந்தேகம்தான். பொருளைத் திரும்ப வாங்கலாம், போலீசுக்கு போன் போடலாம், சொத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தடுக்கலாம். அடிக்கவோ, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவோ அதிகாரம் கிடையாது.

ஆனால் பட்டாசு ஆலை வாட்ச்மேன் கதையே வேறு

இங்கேதான் விருதுநகர் மாவட்டம் மற்ற ஊர்களிலிருந்து மாறுபடுகிறது.

நாட்டில் பட்டாசுக்கு அடிப்படைச் சட்டம் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 13-வது பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். வெடிபொருள் தயாரிக்கும் அல்லது வைத்திருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ, ரயில்வேயிலோ, துறைமுகத்திலோ, வண்டியிலோ, வெடிவிபத்தோ தீவிபத்தோ ஏற்படுத்தும் வகையில் இந்தச் சட்டத்தையோ அதன் விதிகளையோ மீறி ஒருவர் நடந்துகொண்டால், அவரை வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம் என்கிறது அது.

யார் பிடிக்கலாம்? போலீஸ் பிடிக்கலாம். அந்த இடத்தை நடத்துபவர், அவருடைய ஏஜென்ட், அவருடைய வேலைக்காரர், அவர் அதிகாரம் கொடுத்த வேறு ஆள், இவர்களும் பிடிக்கலாம். ரயில்வே என்றால் ரயில்வே நிர்வாகத்தின் ஊழியர் பிடிக்கலாம்.

அதாவது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில், வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆலை வாட்ச்மேனுக்கு ஒரு கைது அதிகாரம் இருக்கிறது. சென்னையில் பெரிய மால் வாசலில் வாக்கிடாக்கியோடு நிற்கும் செக்யூரிட்டிக்கு அது இல்லை. ஜாமீனில் விடக்கூடியதா, முடியாததா என்ற கேள்வியே 13-வது பிரிவில் வரவில்லை. மருந்து அறைப் பக்கம் ஒருவர் பீடி பற்ற வைத்தால் போதும்.

இதையே பட்டாசு கடைக்கும், குடோனுக்கும் பொருத்திப் பாருங்கள். அதுவும் வெடிபொருள் வைத்திருக்கும் இடம்தானே. கடைக்குள் பெட்டியைத் திருடினவரைப் பிடித்து வைக்க செக்யூரிட்டிக்கு அதிகாரம் உண்டா என்பது சந்தேகம். அதே கடைக்குள் சிகரெட் பற்ற வைத்தவரைப் பிடிக்கத் தெளிவான அதிகாரம் இருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சட்டத்தின் கணக்கு சரிதான். திருட்டால் ஒரு பெட்டி போகும், நெருப்பால் தெருவே போகும்.

பிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தி, முடிந்தவரை சீக்கிரம் நடுவர் முன்னால் கொண்டுபோக வேண்டும். நடைமுறையில் போலீசுக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பதுதான் வழி. ஆலை ஆபீஸ் ரூமில் ராத்திரி முழுக்க உட்கார வைத்து "ஓனர் வரட்டும்" என்று சொல்ல இதில் இடம் இல்லை. அதுபோக, ஏஜென்சி மூலம் வந்த காவலாளி ஆலையின் நேரடி ஊழியர் அல்ல. 'அதிகாரம் கொடுக்கப்பட்ட ஆள்' என்ற வகையில்தான் அவர் வருவார். ஆலை நிர்வாகம் அதை எழுத்தில் கொடுத்து வைத்திருந்தால் நாளைக்குக் கேஸ் என்று வரும்போது அவருக்கு நல்லது.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. 2005 சட்டம் சொல்லும் பயிற்சி, ஏஜென்சி காவலாளிகளுக்குத்தான். ஆலையே நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்த வாட்ச்மேன் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. வாரண்ட் இல்லாமல் ஆளைப் பிடிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு, அந்த அதிகாரம் இருக்கிறது என்று சொல்லித் தரும் கட்டாயம் அந்தச் சட்டப்படி யாருக்கும் இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே தோன்றுகிறது.

கேட்டில் சோதனை: பெண் தொழிலாளர்களை யார் சோதிக்கலாம்?

காலையில் வேன்களில் வந்து இறங்கும் தொழிலாளர்களில் பெண்கள் நிறைய. உள்ளே போகும் முன் தீப்பெட்டி, லைட்டர், செல்போன் இருக்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்புக்கு அவசியம். இதை யாரும் மறுக்கவில்லை. "காட்டினால்தான் உள்ளே விடுவேன்" என்று சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

ஆனால் உள்ளே விட மறுப்பது வேறு, உடம்பில் கை வைப்பது வேறு. போலீஸ் கைது செய்யும்போதே பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போலீசுக்கே அப்படி என்றால் வாட்ச்மேனுக்கு? ஆண் காவலாளி ஒரு பெண் தொழிலாளியைத் தொட்டுச் சோதிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அது எல்லை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 74-வது பிரிவு வரை போகும், அதில் குறைந்தபட்ச தண்டனையே ஓராண்டு சிறை.

ஆய்வு ஜீப் வரும்போது கேட்டைப் பூட்டினால்?

வாட்ச்மேனுக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான் என்று சொல்லலாம். ஆலைக்கு உரிமம் தரும் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அதாவது ஊரில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று சொல்வார்களே அந்தத் துறை, சிவகாசியிலேயே அலுவலகம் வைத்திருக்கிறது. வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, போலீஸ் என்று மற்ற குழுக்களும் ஆய்வுக்கு வரும். வெடிபொருள் சட்டத்தின் 7-வது பிரிவு, அதிகாரம் பெற்ற அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்கவும் பறிமுதல் செய்யவும் வழி செய்கிறது.

உள்ளே உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் அளவுக்கு மீறி ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். "ஜீப் வந்தா கேட்டைத் திறக்காதே, சாவி இல்லைன்னு சொல்லு" என்று மேலே இருந்து உத்தரவு. வாட்ச்மேன் அப்படியே செய்தால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றம் அவர் பேரில் வரும். 221-வது பிரிவு: 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.2,500 வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டில் தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் 132-வது பிரிவு, 2 ஆண்டு வரை. "முதலாளி சொன்னாரு" என்பது அவரைக் காப்பாற்றாது. எஃப்ஐஆரில் முதல் பெயர் கேட்டில் நின்றவருடையதாக இருக்கும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்து இந்த வட்டாரம் மறக்காத ஒன்று. 38 பேர் பலியானார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தமும் புகையும் பார்த்து, காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அதுமாதிரி நேரத்தில் வாட்ச்மேன் என்ன செய்ய முடியும்? ஆலை வளாகத்துக்குள் வருபவரைத் தடுக்கலாம், அது தனியார் இடம். ஆனால் ரோட்டில் திரளும் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் போலீசுக்குத்தான் இருக்கிறது. போலீஸ் வந்து சேரும்வரை அந்த இடைவெளியில் குரல் கொடுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

கண்டக்டர்: 1884 மறந்துபோன ஆள்

சரி, பையோடு பஸ் ஏறிவிட்டீர்கள். பயணிகள் பஸ்ஸில் வெடிபொருள் ஏற்றக் கூடாது. பையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் கண்டக்டர் ஏற்ற மறுக்கலாம், இறக்கிவிடலாம், வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொல்லலாம்.

கைது செய்யலாமா? முடியாது. 13-வது பிரிவில் ஆலைக்காரர் இருக்கிறார், ரயில்வே இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கண்டக்டர் இல்லை. 1884-ல் ஏது பஸ்? பஸ்ஸும் 'வண்டி' என்ற சொல்லுக்குள் வந்துவிடும், ஆனால் அதில் ஆளைப் பிடிக்கும் அதிகாரம் போலீசுக்கு மட்டுமே. அனுமதி இல்லாமல் வெடிபொருளைக் கொண்டுபோனால் அதே சட்டத்தின் 9பி பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.3,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதை விதிப்பது நீதிமன்றம், கண்டக்டர் அல்ல.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 178-வது பிரிவுப்படி டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு ரூ.500 வரை அபராதம். இதில் காக்கிக்கும் விதிவிலக்கு இல்லை. 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசு பஸ் ஏறிய போலீஸ்காரர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்து கண்டக்டரோடு வாக்குவாதம் செய்த வீடியோ வைரல் ஆனது நினைவிருக்கலாம். வாரண்ட் இருந்தால்தான் போலீசுக்கு இலவசம் என்று போக்குவரத்துத் துறை அப்போது விளக்கம் கொடுத்தது. தொடர்ந்து அரசு பஸ்களுக்குப் போலீஸ் அபராதம் போட ஆரம்பிக்க, கடைசியில் இரண்டு துறைச் செயலாளர்கள் பேசி முடித்து வைக்க வேண்டியதாகிவிட்டது.

அரசு பஸ் கண்டக்டர் சட்டப்படி பொது ஊழியர் என்ற வரையறைக்குள் வருகிறார். அவர் மேல் கை வைத்தால் மேலே சொன்ன 132-வது பிரிவு பாயும். தனியார் பஸ் கண்டக்டரை அடித்தால் அது சாதாரண அடிதடி வழக்கு. ஒரே ரூட், ஒரே வேலை, ஆனாலும் சட்டத்தின் பார்வையில் இருவரும் ஒன்றல்ல.

ரயிலில்தான் அதிகாரம் அதிகம்

விருதுநகர்–தென்காசி பாதையில் இருக்கிறது சிவகாசி ரயில் நிலையம். 1989 ரயில்வே சட்டத்தின் 67-வது பிரிவு, ஆபத்தான பொருட்களை முறைப்படி எழுதிக் கொடுக்காமல் ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்கிறது. பயணி தன் பையில் பட்டாசு கொண்டுபோக அனுமதியே கிடையாது. ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பும் இதில் அடக்கம்.

இந்தப் பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு அதிகாரம் இருக்கிறது. அறிவிக்காமல் ஆபத்தான பொருள் கொண்டுபோகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், ரயில்வே ஊழியர் அந்தப் பொதியைத் திறந்து பார்க்கச் செய்யலாம். ஆகவே டிடிஇ "பையைத் திறங்க" என்றால் அது வெறும் மிரட்டல் இல்லை.

மாட்டினால் 164-வது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதுபோக அந்தப் பொருளால் யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் கொண்டுவந்தவர்தான் பொறுப்பு. இந்தக் குற்றத்துக்கு 179-வது பிரிவுப்படி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஆனால் மத்திய அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் கொடுத்த அதிகாரிதான் செய்ய வேண்டும். நடைமுறையில் அது ஆர்பிஎஃப். பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

ஓடும் ரயிலில் ஒருவர் பட்டாசுப் பை பக்கத்தில் தீக்குச்சி உரசுகிறார் என்றால் ஆர்பிஎஃப் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1884-ன் 13-வது பிரிவு ரயில்வே ஊழியர் எல்லாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாவிட்டால் டிடிஇ கட்டணத்தோடு கூடுதல் தொகை வாங்கி ரசீது தரலாம். கூடுதல் தொகை ரூ.250 அல்லது கட்டணத்துக்குச் சமமான தொகை, இரண்டில் எது அதிகமோ அது. ஆனால் பட்டாசுக்கு அப்படி ஒரு 'ஸ்பாட் ஃபைன்' கிடையாது. 164-ன் அபராதம் நீதிமன்றம் போடுவது. "ஆயிரம் ரூபாய் கொடுத்துட்டு பையை எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, பை மறுபடி ரயிலுக்குள்ளேயே இருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023 ஆகஸ்ட் 26 சாட்சி. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் தனிப் பெட்டி மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உள்ளே சட்டவிரோதமாக சமையல் காஸ் சிலிண்டர் இருந்தது. அந்தப் பெட்டி நாகர்கோவிலில் இணைக்கப்பட்டு, விருதுநகரைத் தாண்டித்தான் மதுரைக்கு வந்தது. திறந்து பார்க்கும் அதிகாரம் 67-வது பிரிவில் அப்போதும் இருந்தது. வழியில் அந்தச் சிலிண்டரை யாரும் வெளியே எடுக்கவில்லை.

தனியாக வரும் பெண்ணை ரயிலிலிருந்து இறக்கிவிட முடியுமா?

இது பட்டாசைத் தாண்டிய கேள்வி, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கட்டணமும் கூடுதல் தொகையும் கட்ட மறுப்பவரை இறக்கிவிட 139-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆண் துணை இல்லாமல் வரும் பெண், குழந்தை என்றால் மட்டும் நிபந்தனை: அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும்.

நம் பாதையில் பொருத்தினால், விருதுநகர் ஜங்ஷன், மாவட்டத் தலைநகரமும்கூட. பகலில் அங்கே இறக்கலாம். திருத்தங்கலில் முடியாது. சிவகாசியில் ஏறியவர் அல்லாத ஒருவரைச் சிவகாசியில் இறக்கவும் முடியாது. ராத்திரி 11 மணிக்கு எந்த ஸ்டேஷனிலும் முடியாது. புகார் சொல்ல ரயில்வே உதவி எண்ணும் 139 என்பதால் இந்தப் பிரிவை மறப்பது கஷ்டம்.

அப்போ பையை என்ன செய்வது?

கடை வாசல் செக்யூரிட்டி பையைக் காட்டச் சொன்னால் காட்டலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் அடுத்த முறை உள்ளே விடாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. போனைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. ஆர்பிஎஃப், போலீஸ் பிடித்தால் என்ன காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டியது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி அவர்கள் கடமை.

பட்டாசைப் பொறுத்தவரை பஸ்ஸும் ரயிலும் கணக்கிலேயே வேண்டாம். உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையில் விற்பதும் பெரும்பாலும் இதே சிவகாசிச் சரக்குதான், விலையில் கொஞ்சம் கூட இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாங்கிய கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.